பச்சிளங் குழந்தையின் விரைவீக்கம்

நான் பயிற்சி டாக்டராக இருந்த காலம். ஓர் இரவு, பிறந்து இருபது நாளே ஆன ஆண் குழந்தையை அதன் பாட்டி தூக்கி வந்தார். விரைப்பையின் வலப்புறம் எலுமிச்சங்காய் அளவுக்கு வீங்கியிருந்தது. "இவன் தாத்தாவுக்கு யானைக்கால். விரையும் வீங்கியிருந்தது. இவனுக்கும் அதுதானா, டாக்டரையா?" என்று நடுங்கிக் கேட்டார்.

மாணவர்களே, யானைக்கால் நோய் கொசுவின் வழியாகப் பரவும் புழுக்களால் வருவது. அதனால் விரை வீங்கப் பல்லாண்டுகள் செல்லும். பச்சிளங் குழந்தையின் கதை வேறு. கருவில் விரைகள் வயிற்றினுள்ளே தோன்றி, ஏழாம் மாதமளவில் கீழிறங்கத் தொடங்குகின்றன. வயிற்றின் உட்சவ்வும் குழாய்போல உடன் இறங்குகிறது. அவ்வழி பின்னர் அடைபட வேண்டும். சிறு துளையாக எஞ்சினால் வயிற்று நீர் கசிந்து தேங்கும், இது நீர்வீக்கம். பெரும்பாலும் ஓரிரண்டு ஆண்டுகளுக்குள் தானே வற்றிவிடும். வழி அகன்றிருப்பின் குடலே இறங்கிவிடும். இக்குடலிறக்கம் தானாக ஆறாது, அறுவை வேண்டும். குறைமாதக் குழந்தைகளிடம் இது மிகுதி.

இரண்டையும் பிரித்தறிய, இருட்டறையில் வீக்கத்தின்மேல் டார்ச்சு விளக்கை வைப்பது பழைய முறை. நீராயின் ஒளி ஊடுருவும். நானும் வைத்தேன், செம்பருத்திப் பூப்போல ஒளிர்ந்தது. "வெறும் தண்ணீர்தான், அம்மா" என்று கூறிச் சீட்டெழுத அமர்ந்தேன்.

"மேல்முனையைத் தொட்டுப் பார்த்தீரா?" என்றார் மூத்த டாக்டர்.

பார்க்கவில்லை. தொட்டபோது வீக்கம் விரைப்பையோடு முடியாமல் தொடையிடுக்குவரை ஏறியது. அதற்கு மேலே விரல்களைச் சேர்த்துப் பிடிக்க இடமில்லை. அவர் மெல்ல அழுத்தினார்; களகளவென்ற ஓசையுடன் உள்ளே சென்றது. குடல்தான்! பச்சிளங் குழந்தையின் குடற்சுவர் மிக மெல்லியது. அதுவும் ஒளியை விடும். இதை நான் படித்திருந்தேன், என்பதுதான் வெட்கம்.

உள்ளே செல்லாமல் இறுகிச் சிவந்து, குழந்தை ஓயாது அழுது வாந்தியும் எடுத்தால் குடல் நெரிபடுகிறது என்று பொருள். அன்றே மருத்துவமனை செல்ல வேண்டும். இன்னொன்று விரை முறுக்கம். வீக்கம் கல்போலிருக்கும், தோல் கருத்திருக்கும், ஒளி புகாது. பிறக்குமுன்பே முறுக்கிக்கொண்டிருந்தால் குழந்தை அழாமலும் இருக்கலாம். ஆகவே அழவில்லையே என்று காலையாகட்டும் எனக் காத்திருத்தல் கூடாது. ஐயம் வந்தால், குருதியோட்டத்தைக் காட்டும் கேளாவொலிக் கருவி இன்று உதவுகிறது.

அக்குழந்தைக்கு மறுநாள் அறுவை நடந்தது. கண் விழித்துப் பாலும் குடித்தது. பாட்டி என்னைத் தேடிவந்து ஒன்றே ஒன்று கேட்டார்: "நேற்றுச் சொன்ன தண்ணீர் எங்கே போயிற்று, டாக்டரையா?"