ஆபத்து யாருக்கு?

(கதிர்காமத்தில் நடைபெற்ற கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கடனைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். கடன் என்ற சொல்லைக் கேட்டதுமே முன்வரிசையில் அமர்ந்துள்ள தாய்மார்களிற் சிலர் தலையைத் தாழ்த்திக்கொண்டதைக் கண்டேன். தாழ்த்த வேண்டாம்; தாழ்த்த வேண்டிய தலைகள் வேறு உள்ளன.

வட்டித் தொழில் நடத்துவோரிடம் சென்று, "ஏனய்யா இவ்வளவு வட்டி?" என்று கேட்டுப் பாருங்கள். "ஆபத்தான கடனய்யா இது! இவர்களுக்கு நிலமில்லை, நகையில்லை, மாதச் சம்பளமில்லை. திரும்பி வருமோ வராதோ என்ற பணத்துக்கு வட்டி கூடுதலாகத்தான் இருக்கும்" என்பார். பெரிய நிதி நிறுவனத்தாரும் இதையே கூறுகின்றனர். குளிரூட்டப்பட்ட அறையில் அமர்ந்து கூறுகின்றனர் என்பதொன்றே வேறுபாடு. முந்நூறு முதல் தொள்ளாயிரம் வரை நமக்கு மதிப்பெண் வேறு போடுகிறார்கள். பள்ளியில் மதிப்பெண் குறைந்த பிள்ளைக்குக் கூடுதல் பாடம். இங்கே குறைந்தவருக்குக் கூடுதல் வட்டி!

ஆபத்து, ஆபத்து என்கிறார்களே, அது யாருக்கு? கணக்குப் போட்டே பார்த்துவிடுவோம்.

தண்டலுக்குப் பணம் வாங்குகிறாள் ஒரு பூக்காரி. ஏட்டில் எழுதப்படுவது 10,000 ரூபாய். முன்வட்டி பிடித்தது போகக் கையில் விழுவது 8,500. நாளொன்றுக்கு நூறு வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். மிகுதி 1,500தானே என்று தோன்றும். ஆனால் 8,500 ரூபாயும் நூறு நாளும் அவளிடம் இருக்கவில்லையே! நாள்தோறும் குறைந்துகொண்டே போகிறது. சராசரியாக அவள் கையாண்டது ஏறத்தாழ 4,250. அதற்கு நூறு நாள் வட்டி 1,500 என்றால், ஆண்டுக்கு நூற்றுக்கு நூற்றிருபத்தைந்துக்கும் மேல்!

இனி, கொடுத்தவர் பக்கத்துக் கணக்கு. பத்துப் பேருக்குக் கொடுத்தார். வெளியே சென்றது 85,000. ஒருத்தி ஒரு காசும் கட்டாமல் ஊரைவிட்டே போய்விட்டாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சிய ஒன்பது பேர் கட்டியது 90,000. ஒருத்தி ஓடிய பின்னும் அவருக்கு 5,000 இலாபம்! அதாவது, ஓடியவளுக்குரிய பணத்தை ஓடாத ஒன்பது பேரிடம் முன்கூட்டியே வாங்கியாகிவிட்டது. ஆபத்துக்கு விலை வாங்கிய பின், அந்த ஆபத்தை அவரல்லவா சுமக்க வேண்டும்? சுமக்கிறாரா? காலை விடியுமுன் அவள் வீட்டு வாசலில் ஆளை நிறுத்துகிறார். விலையும் வேண்டும், சரக்கையும் தரமாட்டேன் என்பது எந்த ஊர் வாணிபம்?

இது புதுவைத் தெருவோடு நிற்கும் வித்தையன்று. கடல் கடந்த அமெரிக்காவில், வருமானச் சான்றுகூடக் கேளாமல் வீட்டுக்கடனை வாரி வழங்கினார்கள். முதல் இரண்டாண்டு வட்டி குறைவு; மூன்றாம் ஆண்டிலிருந்து ஏறும். கொடுத்தவர் அந்தக் கடனைத் தம்மிடம் வைத்துக்கொள்ளவில்லை. ஆயிரக்கணக்கான கடன்களை ஒரே மூட்டையாகக் கட்டிப் பத்திரங்களாக்கி விற்றார்கள். தரம் பார்க்கும் நிறுவனங்கள் முதல்தரம் என்று முத்திரை குத்தின. வட்டி ஏறிற்று, வீட்டு விலை இறங்கிற்று. 2008 செப்டம்பர் 15இல் லேமன் பிரதர்ஸ் திவாலாயிற்று. அடுத்த மாதமே அந்நாட்டு அரசு 70,000 கோடி டாலர் வரை செலவிட்டு நிதி நிறுவனங்களைத் தாங்கிப் பிடிக்கச் சட்டம் இயற்றியது. வீட்டை இழந்து தெருவில் நின்றவர்களை அதே விரைவோடு தாங்கிப் பிடிக்க எவரும் வரவில்லை.

நமக்கு அருகே ஆந்திரத்தில் நடந்தது 2010இல். ஏழைப் பெண்களுக்குக் குழுக்கடன் கொடுத்து வளர்ந்த ஒரு நிறுவனம், அவ்வாண்டு பங்குச்சந்தையில் 1,600 கோடி ரூபாய்க்கு மேல் திரட்டியது. சில வாரங்களிலேயே, கடன் நெருக்கடியால் தற்கொலைகள் என்ற செய்திகள் குவிந்தன. அக்டோபரில் மாநில அரசு அவசரச் சட்டம் பிறப்பித்தது. சரியான செயலே. ஆயினும் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும்: வசூல் நின்றது, புதுக்கடனும் நின்றது, பணம் தேவைப்பட்ட ஏழை மீண்டும் பழைய வட்டிக்காரர் படியேறினார். தடுத்தால் மட்டும் போதாது, மாற்று வேண்டும் என்பதற்கு அதுவே சான்று.

அந்தக் குழுக்கடன்தான் இன்று நம் தெருவுக்கும் வந்திருக்கிறது. ரோடியர் மில் சங்கு ஊதிய காலத்தில், மாதச் சம்பளம் என்ற ஒன்றை நம்பி மளிகைக் கடைக்காரரே கடன் கொடுத்தார். அந்த ஆலை 2020இல் மூடப்பட்டது. நிலையான கூலி போன இடத்தில் வாரத் தவணை வந்து அமர்ந்திருக்கிறது. இங்கே ஈடு நகையன்று, நிலமன்று. பக்கத்து வீட்டுக்காரியே ஈடு! கொத்தனாருக்கு மழையில் வேலையில்லை, மனைவியால் தவணை கட்ட முடியவில்லை என்றால், நிறுவனத்தார் கோபிக்க வேண்டியதில்லை. குழுவிலுள்ள மற்றப் பெண்களே அவள் வாசலில் போய் அமர்கிறார்கள். நேற்றுவரை குழம்புக் கிண்ணம் மாற்றிக்கொண்டவர்கள்! ஆபத்து நிறுவனத்தின் ஏட்டிலிருந்து இறங்கி, அண்டை வீட்டு அடுப்பங்கரைக்குக் குடிபோய்விட்டது. தோழர்களே, அப்படி அமர்ந்தவர்களில் நம் வீட்டுப் பெண்களும் உண்டு. கொடி பிடிக்கும் கையோடு வீடு திரும்பும் நீங்கள், அதைக் கேட்டீர்களா?

விதிகள் இல்லாமலில்லை. ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரல் முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த விதிகளைக் கூறுகிறேன், மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டும்படி நுண்கடன் தரலாகாது. காலை ஒன்பது மணிக்கு முன்னும், மாலை ஆறு மணிக்குப் பின்னும் வசூலுக்காக அழைக்கலாகாது. வட்டியும் கட்டணமும் எவ்வளவு என்பதைக் கடனாளிக்குப் புரியும் மொழியில் அட்டையில் எழுதித் தர வேண்டும். நல்ல விதிகளே. ஆனால் அதே விதிகள், முன்பிருந்த வட்டி உச்சவரம்பை நீக்கிவிட்டன! கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டுவிட்டுக் கூரையைப் பிரித்துவிட்டார்கள். 2024 அக்டோபரில், மிகுவட்டி வாங்கியதற்காக நான்கு நிறுவனங்கள் புதுக்கடன் தருவதை ரிசர்வ் வங்கியே நிறுத்தி வைக்க நேர்ந்தது. சில மாதங்களில் அத்தடையும் நீங்கிற்று.

தமிழ்நாட்டில் 2003இலேயே கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று பெயர் சொல்லித் தடைச்சட்டம் வந்தது. 2025இல் வன்முறை வசூலுக்குச் சிறைத்தண்டனை விதிக்கும் மற்றொரு சட்டத்தையும் அச்சட்டமன்றம் நிறைவேற்றியது. ஆனால் அந்தச் சட்டம் கோரிமேட்டு எல்லையைத் தாண்டித் தானாக இந்தப் பக்கம் வராது. வசூல்காரர் வண்டி மட்டும் தடையின்றி வரும். நமக்கென்று ஒரு சட்டமன்றம் இருக்கிறது. வாசலில் வந்து வாக்குக் கேட்டவர்களிடம், அதே வாசலுக்கு என்ன பாதுகாப்பு என்று நாம் கேட்க வேண்டும். கூட்டுறவுச் சங்கம் ஏழைக்குச் சிறுகடன் தர என்ன தடை என்றும் கேட்க வேண்டும்.

அதற்குக் கையில் கணக்கு வேண்டும். ஆகவே, வரும் ஞாயிறு காலை படிப்பகத்துக்குக் கடன் அட்டைகளை எடுத்து வாருங்கள். கணக்கறிந்த இளைஞர்கள் இருவர் மூவர் தாளும் பேனாவுமாகக் காத்திருக்கட்டும். எவர் பெயரும் வெளியே போகாது. கையில் வாங்கியது எவ்வளவு, இதுவரை கட்டியது எவ்வளவு, இன்னும் கேட்பது எவ்வளவு என்று மூன்று பத்தி போட்டு எழுதுவோம். அட்டையே தரவில்லை என்றால், வெறுங்கையோடு வாருங்கள், அதையும் எழுதிக்கொள்வோம்.