கையைத் தூக்காமல் போடக்கூடிய ஒரு சட்டை

(பழைய மாணவிகள் சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)





வைத்தியர் ஒருவரைப் பேச அழைத்தால் சீனி வருத்தம், பிரஷர், கொலஸ்ட்ரோல் பற்றித்தான் பேசுவார் என்று எல்லோரும் நினைப்பார்கள். இன்று நாம் பேசப்போவது ஒரு சட்டையைப் பற்றி. பெனியன் துணியில் தைக்கும் சாதாரண நீளச் சட்டை. ஆனால் அதற்குள்ளும் சீனி வருத்தம் வந்துவிடும் என்பதை முதலிலேயே சொல்லி வைக்கிறோம்.

எங்கள் கிளினிக்குகளில் ஐம்பது, அறுபது வயது உம்மாமார் அடிக்கடி சொல்லும் முறைப்பாடு ஒன்று உண்டு. "கை மேல போகுதில்ல டொக்டர்." தோள் மூட்டு இறுகிப் போயிருக்கும். நீரிழிவு உள்ளவர்களுக்கு இது மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகமாக வரும். தானாகத் தளர்வதற்கு ஒரு வருடமும் ஆகலாம், மூன்று வருடமும் ஆகலாம். நாங்கள் மருந்து எழுதுகிறோம், பயிற்சி சொல்லிக் கொடுக்கிறோம். அதோடு ஒரு கேள்வியும் கேட்கப் பழகியிருக்கிறோம். "உடுப்பு எப்படிப் போடுறீங்க?"

பெரும்பாலும் வரும் பதில், "மகள்தான் மாட்டி விடுவா." இதைச் சொல்லும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க மாட்டார்கள்.

நம் கரையோர ஊர்களில் வீடு மகளுக்கு. உம்மா மகளோடுதான் இருப்பார். ஆகவே மாட்டிவிட ஆள் இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். ஆனால் மகள் ஆசிரியையாக இருந்தால் காலை ஆறரைக்கே அவசரம். மகள் வெளிநாட்டில் இருந்தால் மருமகன் மட்டும் இருக்கும் வீடு. அப்போது என்ன நடக்கிறது? குளிப்பு ஒரு நாள் விட்டு ஒரு நாளாகிறது. கல்யாண வீட்டுக்கு "நான் வரல்ல, நீங்க போங்க" என்கிறார்கள். கிளினிக் திகதியும் தவறுகிறது. சீனி ஏறுகிறது. ஒரு கை சட்டைக்குள் நுழையவில்லை என்பதில் தொடங்கியது, ஒரு மனுசி வீட்டுக்குள் ஒடுங்கிப் போவதில் முடிகிறது. இதற்கு மருந்துக்கடையில் மருந்து இல்லை. தையல் மெஷினில் இருக்கிறது.

துணியிலிருந்து தொடங்குவோம்.

மருதமுனையில் கைத்தறியின் சத்தம் கேட்டு வளர்ந்தவர்கள் இந்த மண்டபத்தில் இருக்கிறீர்கள். பாவு நீளத்துக்கு, ஊடை குறுக்கே. இரண்டும் நேர் நூல்கள், ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்துக்கொள்கின்றன. அதனால்தான் நம் சாரனும் சாரியும் உறுதியாக நிற்கின்றன. நேராக இழுத்தால் அந்தத் துணி கொடுக்காது, மூலைவாட்டில் இழுத்தால் மட்டும் கொஞ்சம் கொடுக்கும்.

பெனியன் துணியில் பாவும் இல்லை, ஊடையும் இல்லை. ஒரு நூல் கண்ணி கண்ணியாக வளைந்து, ஒரு வரிசை அடுத்த வரிசைக்குள் நுழைந்து போகிறது. இழுத்தால் கண்ணி விரியும், விட்டால் சுருங்கும். கையால் செய்த இந்த வேலையை இயந்திரத்துக்கு மாற்றியவர் வில்லியம் லீ என்ற ஆங்கிலேயர். 1589ஆம் ஆண்டு, காலுறை பின்னுவதற்காகச் செய்தார். நெடுங்காலம் அது காலுறைக்கும் உள்ளாடைக்கும் உரிய துணியாகவே இருந்தது. 1910களில் பிரான்சின் கோக்கோ ஷனெல் அதே துணியில் பெண்களுக்கு வெளியாடை தைத்தார். 1974இல் அமெரிக்காவில் டயான் வொன் ஃபர்ஸ்டன்பெர்க், முன்னால் மடித்துக் கட்டும் சட்டையை இதே வகைத் துணியில் கொண்டுவந்தார். சிப்பும் வேண்டாம், பொத்தானும் வேண்டாம் என்பதே அதன் சிறப்பு. இன்று நம் நாட்டு ஆடைத் தொழிற்சாலைகளிலிருந்து ஏற்றுமதியாகும் உடுப்புகளில் பெரும் பங்கு இந்தத் துணிதான்.

நம் வீட்டுப் பெட்டிகளில் இருக்கும் மாதிரித் தாள்களோ நெய்த துணிக்கு வரைந்தவை. நாம் படித்த காலத்தில் பிறவுண் பேப்பரில் வரைந்து, சின்ன அளவில் தைத்து, கொப்பியில் ஒட்டியதும் அதுவே. அந்தத் தாளை வைத்து அப்படியே பெனியன் துணியை வெட்டினால் தோள் தொங்கும், கழுத்து வாய் பிளக்கும். தாளை எறிய வேண்டாம். நாலு இடத்தில் மாற்றினால் போதும்.

முதலாவது, சுற்றளவு. நெய்த துணி இழுபடாது என்பதால் மூச்சு விடவும் கை அசைக்கவும் அதில் தளர்வு விட்டிருக்கும். மார்பு 40 அங்குலம் என்றால் சட்டை 44 அங்குலம். நாலாய் மடித்தால் ஒவ்வொரு பாகமும் 11. பெனியன் துணிக்கு அந்தத் தளர்வே வேண்டாம், உடலளவுக்கே வெட்டு என்று மேல்நாட்டுப் புத்தகங்கள் சொல்லும். நமக்கு அது சரிவராது. உடலோடு ஒட்டும் சட்டை நம் உம்மாமாருக்கு வேண்டாம், நம் வெயிலுக்கும் வேண்டாம். மார்பில் 2 அங்குலம் மட்டும் குறைப்போம். 42 ஆகும், பாகம் பத்தரை. அதாவது ஒவ்வொரு பக்கத் தையலிலும் அரை அங்குலம் உள்ளே. இடுப்புக்குக் கீழே எதையும் குறைக்க வேண்டாம். இந்தத் துணியின் நெகிழ்வை நாம் அசைவுக்காகத்தான் எடுத்துக்கொள்கிறோம்.

இரண்டாவது, டார்ட். மார்பு டார்ட் இனித் தேவையில்லை. ஆனால் அதைப் பிடிக்காமல் விட்டால் முன்பக்கத்தின் பக்க ஓரம், பின்பக்கத்தைவிட டார்ட்டின் அகலமளவு நீண்டு நிற்கும். அந்த அளவைக் கீழ் ஓரத்தின் பக்கத்தில் குறைத்து, நடுவை நோக்கி வளைவாகச் சேர்த்துவிடுங்கள். இடுப்பு டார்ட்டையும் விட்டுவிட்டு, அக்குளிலிருந்து கீழே சற்று விரிந்த நேர்கோடாக வரையுங்கள். வயிற்றில் வெட்டுக் காயம் உள்ளவருக்கும் இந்த இடுப்பில்லாத சட்டை உதவும். சிசேரியன் தழும்பின் மேல் இலாஸ்டிக் அழுத்தாது.

மூன்றாவது, கை. இதுதான் நம் விசயத்தின் மையம். நெய்த துணிக்கான கையின் மேல் வளைவு உயரமாக இருக்கும். கையைத் தொங்க விட்டால் அழகாக விழும், தூக்கினால் முழுச் சட்டையும் கூடவே எழும்பும். அந்த வளைவின் உயரத்தை 1 அங்குலம் குறையுங்கள். கையின் அகலத்தை 1 அங்குலம் கூட்டுங்கள். பிறகு அளவு நாடாவால் வளைவையும் கைக்குழியையும் அளந்து, இரண்டையும் ஒரே அளவாக்குங்கள். பக்கத் தையல் போடுவதற்கு முன்பே கையை விரித்து வைத்துத் தைக்கலாம். மார்பகச் சத்திர சிகிச்சைக்குப் பின் கை வீங்கக்கூடியவர்களுக்கும் இந்த அகலமான கைதான் நல்லது. நம் நாட்டுப் பெண்களுக்கு அதிகமாக வரும் புற்றுநோய் அதுதான் என்பதால் இதை ஓரமாக வைத்துவிட முடியாது.

நான்காவது, தோளும் கழுத்தும். பெனியன் துணியில் தோள் கீழே சரியும், ஆகவே தோள் அகலத்தைக் கால் அங்குலம் குறையுங்கள். வருத்தமுள்ள பக்கத்துத் தோளைத் தைக்காமல் திறந்து விடுங்கள். பின்பக்கத்தில் 1 அங்குலம் கூடுதலாக விட்டு, முன்பக்கம் அதன் மேல் படியுமாறு வைத்து, மூன்று பிரஸ் பட்டன் தையுங்கள். திறந்த ஓரங்கள் இரண்டுக்கும் உள்ளே ஒரு பருத்தி நாடா கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் இழுபட்டு அலையலையாகும். நாடா வாங்கத் தேவையில்லை. பழைய கைத்தறிச் சாரனில் நேர் நூலோடு கிழித்த ஒரு கீலம் போதும். கழுத்துப் பட்டியைக் கழுத்துச் சுற்றைவிடச் சிறிதாக வெட்டுங்கள். கழுத்து 24 அங்குலம் என்றால் பட்டி இருபதரை. இழுத்துப் பிடித்துத் தைத்தால் கழுத்து வாய் பிளக்காமல் படிந்து நிற்கும்.

துணி வாங்கும்போது சில விசயம். மடித்த ஓரத்தில் 4 அங்குலம் பிடித்து இழுத்துப் பாருங்கள். 5 அங்குலத்துக்கு வந்து, விட்டதும் பழைய இடத்துக்குத் திரும்பினால் அது நமக்கு ஏற்றது. திரும்பாமல் தொய்ந்து நின்றால் வைத்துவிட்டு வாருங்கள். அதிகம் இழுபடும் பக்கம் உடம்பைச் சுற்றி வர வேண்டும். பருத்தியா என்று தெரியாவிட்டால் வீட்டில் ஒரு சின்னத் துண்டைக் கவனமாக எரித்துப் பாருங்கள். பருத்தி கடதாசிபோல் எரிந்து சாம்பலாகும், பொலியஸ்டர் உருகி மணியாகும். நம் பங்குனி, சித்திரை வெக்கையில் அந்த மணியைப் போட்டுக்கொண்டு யாரும் வேர்க்கக் கூடாது. 60 அங்குல அகலத் துணி என்றால் இரண்டேகால் மீற்றர் போதும். வெட்டுவதற்கு முன் கழுவிக் காயவிடுங்கள், பருத்திப் பெனியன் நீளவாட்டில் சுருங்கும். இரண்டு கரைகளையும் நடுவில் சேர்த்து மடித்தால் இரண்டு மடிப்பு வரும். ஒன்றில் முன்பக்கம், மற்றதில் பின்பக்கம். மேசையிலிருந்து துணி தொங்கினால் அளவு பிழைக்கும், பாயில் விரித்து வெட்டுவதே நல்லது.

இதற்கு ஓவர்லொக் மெஷின் வேண்டுமே என்று சிலர் நினைக்கலாம். வேண்டாம். உம்மம்மாவின் கால் மெஷினும், சுனாமிக்குப் பிறகு நிவாரணமாகக் கிடைத்த மெஷினும் போதும். ஊசி மட்டும் மாற வேண்டும். கூர் ஊசி கண்ணியை அறுக்கும், அறுந்த கண்ணி காலுறையில் ஓடுவதுபோல் ஓடும். பெனியன் துணிக்கென்று முனை உருண்ட ஊசி இருக்கிறது, 11ஆம் இலக்கம். பொலியஸ்டர் நூல் போடுங்கள். சிக்-சாக் இருந்தால் மிக ஒடுக்கமாக வையுங்கள். நேர்த்தையல் மட்டும் என்றால் ஊசிக்கு முன்னும் பின்னும் துணியை மெல்ல இழுத்துப் பிடித்துத் தையுங்கள். ஒரு வெட்டுத் துண்டில் தைத்து இழுத்துப் பாருங்கள். நூல் அறுந்தால் இறுக்கத்தைக் குறையுங்கள்.

சட்டை தயாரான பிறகு, போடும் முறை. வருத்தமுள்ள கை முதலில் நுழைய வேண்டும், பிறகு தலை, பிறகு நல்ல கை. கழற்றும்போது நல்ல கை முதலில், வருத்தமுள்ள கை கடைசியில். பக்கவாதம் வந்தவருக்கும் இதே ஒழுங்குதான். கட்டிலில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து போடச் சொல்லுங்கள். நீளம் கணுக்காலுக்குச் சற்று மேலே நிற்கட்டும். நிலத்தில் இழுபடும் சட்டை தடுக்கி இடுப்பெலும்பு முறிந்து வந்தவர்களை நாங்கள் வாட்டில் பார்க்கிறோம்.

இனி, இதை ஏன் இந்த மேடையில் சொல்கிறோம் என்பது.

எங்கள் காலத்தில் கெட்டிக்காரப் பிள்ளை என்றால் விஞ்ஞானப் பிரிவு. தையலும் மனையியலும் "மற்றப் பிள்ளைகளுக்கு". இன்றும் அந்த எண்ணம் முழுதாய்ப் போய்விடவில்லை. ஆனால் இப்போது சொன்ன வேலையை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். சதவீதம் இருக்கிறது, வளைவின் நீளம் இருக்கிறது, மூட்டு அசையும் கோணம் இருக்கிறது, நூலின் இயல்பு இருக்கிறது. ஒரு தோள் மூட்டின் அசைவை மருத்துவப் புத்தகத்தில் படித்தவர்கள் நாங்கள். கைக்குழியை எங்கே வெட்டினால் அந்தத் தோளுக்கு இடம் கிடைக்கும் என்று தெரிந்தவர்கள், மனையியல் வகுப்பில் எங்களுக்குப் பக்கத்து வாங்கில் இருந்தவர்கள். இரண்டு அறிவும் ஒரே பாடசாலையில், ஒரே வருடத்தில் கிடைத்தவைதான். நோயாளிக்கு இரண்டும் வேண்டும்.

ஆகவே நூற்றாண்டை முன்னிட்டு நம் சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். இந்தச் சட்டைக்குச் சிறியது, நடுத்தரம், பெரியது என மூன்று அளவில் மாதிரித் தாள் வரைந்து, தடித்த மட்டையில் வெட்டி, மனையியல் அறையில் வைப்போம். யாரும் வந்து பிரதி எடுத்துப் போகட்டும். தைக்கத் தெரிந்த ராத்தாமார் மாதத்தில் ஒரு சனிக்கிழமை வந்து பிள்ளைகளுக்குக் காட்டிக் கொடுக்கட்டும். விஞ்ஞானப் பிரிவுப் பிள்ளைகளும் அந்த அறைக்குள் வரட்டும். கட்டாரிலும் லண்டனிலும் இருக்கும் தங்கச்சிமார், உம்மாவுக்கு அனுப்பும் பார்சலில் இரண்டேகால் மீற்றர் பருத்திப் பெனியன் துணியும் ஒரு பைக்கற் உருண்டை முனை ஊசியும் வைக்கலாம். சொக்லட்டை நாங்கள் வேண்டாம் என்கிறோம். சீனி வருத்தம் என்று முன்பே சொன்னோமே.

மாதிரித் தாளை வரைய விரும்புவோர், கூட்டம் முடிந்ததும் பின்வரிசையில் பெயர் பதியுங்கள். அளவு நாடா கொண்டு வந்திருக்கிறோம்.