டால்கம் பவுடர்: ‘கண்டறியப்படவில்லை’ என்றால் ‘இல்லை’ என்று அர்த்தமா?

இன்னைக்கு நம்ம வீட்டுக் கண்ணாடிக்குப் பக்கத்துல இருக்கிற ஒரு டப்பாவைப் பத்திப் பேசலாம்: டால்கம் பவுடர்.

டால்க், மண்ணிலிருந்து வெட்டியெடுக்கிற ஒரு கனிமம். கடினத்தன்மைக்கான மோஸ் அளவுகோலில் வைரம் 10, டால்க் 1. நகத்தாலேயே கீறிடலாம். சீட்டுக்கட்டு மாதிரி மெல்லிய தகடுகள் அடுக்கடுக்கா இருக்கும். நடுவுல பிடிப்பு ரொம்பக் கம்மி. அதனாலதான் அந்த வழவழப்பு. காம்பேக்ட், ஐஷேடோ எல்லாம் தோலில் சீராகப் பரவுவதும் இதனாலதான். நம்ம ஊர் கல்சட்டி செய்யற மாக்கல்லிலும் முக்கியமா இருக்கிறது டால்க்தான்.

பெரிய சிக்கல் அதோட பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட ஆரம்பிக்குது. டால்க் உருவாகிற பாறையிலேயே ஆஸ்பெஸ்டாஸும் உருவாகலாம். அந்த இழைகள் நுரையீரலுக்குள்ள போனா, பல பத்தாண்டுகள் கழிச்சுக்கூட புற்றுநோய் வரலாம்.

அப்போ டெஸ்ட் பண்ணலாமே? பண்ணாங்க. 1976-ல அமெரிக்க அழகுசாதனத் தொழில் சங்கம் ஒரு சோதனை முறையைத் தானே வகுத்துக்கிட்டது. கோடு எழுதினவரே டெஸ்ட்டும் எழுதின கதை. அதில் எக்ஸ்-ரே சோதனையோட கண்டறியும் எல்லை சுமார் 0.5 சதவீதம். அதாவது 100 கிராம் டப்பாவில் அரை கிராமுக்குக் கொஞ்சம் கம்மியா ஆஸ்பெஸ்டாஸ் இருந்தாலும் ரிப்போர்ட்ல ‘கண்டறியப்படவில்லை’ன்னு வரலாம். அலர்ட் லிமிட்டை உயரத்துல வெச்சுட்டு, டாஷ்போர்டு பச்சையா இருக்குன்னு சந்தோஷப்படற மாதிரி! எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப் இதைவிட ரொம்பக் குறைந்த அளவையும் பிடிக்கும்.

2019-ல அமெரிக்காவின் எஃப்டிஏ சோதனையில் ஜான்சன் அண்ட் ஜான்சன் பேபி பவுடர் பாட்டில் ஒன்றில் மிகச் சிறிய அளவு ஆஸ்பெஸ்டாஸ் தென்பட்டது. நிறுவனம் சுமார் 33,000 பாட்டில்களைத் திரும்பப் பெற்றது. பிறகு தாங்கள் செய்த சோதனைகளில் எதுவும் இல்லைன்னு சொன்னது. பவுடர் பாதுகாப்பானதுன்னுதான் இன்னமும் சொல்லுது. ஆனா 2020-ல அமெரிக்கா, கனடாவிலும், 2023-ல உலகம் முழுக்கவும் டால்க் பேபி பவுடரை நிறுத்திட்டு சோள மாவுக்கு மாறியது.

சரி, ஆஸ்பெஸ்டாஸே இல்லாத டால்க்? 2024-ல சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை டால்க்கை ‘அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது’ என்ற 2ஏ பிரிவில் சேர்த்தது. பயந்துடாதீங்க. அந்தப் பிரிவு ஆதாரம் எவ்வளவு வலுவா இருக்குன்னு சொல்லுது. ஆபத்து எவ்வளவு பெருசுன்னு சொல்லல. ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சியும் அதே பிரிவுலதான் இருக்கு.

அப்போ என்ன செய்யறது? குழந்தை முகத்துக்கிட்ட எந்தப் பவுடரையும் தூவாதீங்க. நுண்ணிய தூள் மூச்சுக்குழாய்க்குள்ள போறது நல்லதில்ல, சோள மாவா இருந்தாலும் சரி. பிறப்புறுப்புப் பகுதியில பவுடரைத் தவிர்த்துடுங்க. மேக்கப் வாங்கும்போது பின்பக்க லேபிள்ல ‘டால்க்’ இருக்கான்னு பாருங்க. ‘ஆஸ்பெஸ்டாஸ் இல்லை’ன்னு போட்டிருந்தா, எந்த முறையில, எந்த அளவு வரைக்கும் சோதிச்சீங்கன்னு கம்பெனிக்கு ஒரு மெயில் தட்டுங்க. கேட்க வேண்டிய கேள்விதான் அது.