பிள்ளைகளின் கை படட்டும்



ஞாயிற்றுக்கிழமை இரவு எந்த ஊர் ஸ்டேஷனரி கடைக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். தெர்மோகோல், சார்ட் பேப்பர், கலர் பேனா கேட்டு அப்பாக்கள் நிற்பார்கள். மறுநாள் புராஜெக்ட் வைக்க வேண்டும். அம்மா வெட்டுவார், அக்கா ஒட்டுவாள், பிள்ளை தூங்கிப்போயிருக்கும். பெற்றோரைக் குறை சொல்ல நான் வரவில்லை. 2012-இல் தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கு முப்பருவ முறை வந்தபோது, பருவம் முழுவதும் நடக்கும் வளரறி மதிப்பீட்டுக்கு 40 மதிப்பெண் ஒதுக்கினார்கள். அதில் 20 செயல்பாடுகளுக்கு. நல்ல எண்ணம்தான். ஆனால் வகுப்பு நிறையப் பிள்ளைகள், கை நிறையப் பதிவேடுகள் என்று தவிக்கும் ஆசிரியரிடம் போய்ச் சேர்ந்ததும், செயல்பாடு சார்ட்டாகச் சுருங்கிவிட்டது. பாடம் ஒரு பக்கம் நடக்கிறது. அதற்கு அலங்காரமாகப் புராஜெக்ட் இன்னொரு பக்கம் தொங்குகிறது.

வேலையிலிருந்தே பாடம் பிறக்க வேண்டும். அதைச் சொல்லத்தான் வந்தேன்.

1896-இல் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் அமெரிக்கக் கல்விச் சிந்தனையாளர் ஜான் டூயி ஒரு பள்ளி தொடங்கினார். அங்கே பிள்ளைகள் கையில் கம்பளியையும் பருத்தியையும் கொடுத்தார்கள். ஒரு குழு அரை மணி நேரம் உட்கார்ந்து பருத்திக் கொட்டையிலிருந்து பஞ்சைப் பிரித்தது. கிடைத்தது ஓர் அவுன்ஸ்கூட இல்லை. நம் கணக்கில் 28 கிராமுக்கும் குறைவு. தங்கள் முன்னோர் ஏன் பருத்தியை விட்டுக் கம்பளி உடுத்தினார்கள் என்பதை அந்தப் பிள்ளைகளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. வலித்த விரலே வரலாறு சொன்னது.

அதே பருத்தியை நம் கரிசல் காட்டுப் பிள்ளைகளிடம் கொடுத்தால் கேள்வி வேறாக இருக்கும். 'இவ்வளவு கஷ்டமென்றால் நம் ஆட்கள் மட்டும் எப்படி ஆயிரக்கணக்கான வருஷமாகப் பருத்தி உடுத்தினார்கள்?' விடை இரண்டு உருளைகளில் இருக்கிறது. பஞ்சை உள்ளே இழுத்து, கொட்டையை இந்தப் பக்கமே நிறுத்திவிடும் எளிய கை எந்திரம் இந்த நாட்டில் வெகு காலமாக இருந்தது. உருளையைச் சுற்றும் பிள்ளைக்கு அங்கேயே இயற்பியல் தொடங்கிவிடும். வேலை ஒன்றுதான், ஊருக்கு ஊர் கேள்வி மாறுகிறது. அச்சிட்ட பாடநூல் ஒன்றால் மட்டும் இதைக் கொடுத்துவிட முடியாது.

1937 அக்டோபரில் வார்தா மாநாட்டில் காந்தியடிகள் கேட்டதும் ஏறக்குறைய இதைத்தான். தக்கிளியைச் சுற்றக் கற்கும் பிள்ளை அதன் வழியாகவே கணக்கும் பூகோளமும் வரலாறும் கற்க வேண்டும் என்றார். மாநாடு அமைத்த ஜாகிர் உசேன் குழு அதற்குப் பாடத்திட்டம் வகுத்தது. வார்தா அருகே சேவாகிராமத்தில் அதை நடத்திக்காட்டியவர்களில் ஒருவர் யாழ்ப்பாணத் தமிழர் ஆரியநாயகம். நம் மாநிலத்திலும் இந்த முறையில் ஆதாரப் பள்ளிகள் வந்தன. பிறகு பல இடங்களில் நூற்பு ஒரு பீரியடாக மட்டும் நின்றது. நூல் ஒரு பக்கம், கணக்கு இன்னொரு பக்கம்.

இங்கே ஒன்றை மறைக்காமல் பேச வேண்டும். பள்ளியில் கைவேலை என்றதும் தமிழ்நாட்டில் பலருக்கு நெஞ்சு திடுக்கிடும். காரணம் இருக்கிறது. 1953-இல் ராஜாஜி அரசு கொண்டுவந்த திட்டம் கிராமத் தொடக்கப் பள்ளிகளில் பாட நேரத்தைக் குறைத்தது. மீதி நேரத்தில் பெற்றோரின் தொழிலைப் பழகச் சொன்னது. குலக்கல்வி என்று பெரியாரும் திராவிட இயக்கமும் எதிர்த்தார்கள். 1954-இல் காமராஜர் அதைக் கைவிட்டார். அந்த எதிர்ப்பு நியாயமானது என்றே நான் நினைக்கிறேன். அதில் நமக்கொரு அளவுகோல் கிடைக்கிறது. மண் பிசையும் வேலையை வேளார் வீட்டுப் பிள்ளைக்கும் கணினியை வக்கீல் வீட்டுப் பிள்ளைக்கும் கொடுக்கிற பள்ளி தப்பான பள்ளி. டாக்டர் மகளும் மண்வெட்டி பிடிக்க வேண்டும். மண்வெட்டி பிடிப்பவர் மகளும் நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். பிள்ளையின் அறிவை விரிக்கவே அந்த வேலை. பிறப்பிலேயே கட்டிவைக்க அல்ல.

சரி, எந்த வேலையைக் கருப்பொருளாக எடுப்பது? நம் ஊர் ஏரியை எடுத்துக்கொள்ளுங்கள். தகரக் குவளையும் அளவுகோலும் போதும், மழைமானி தயார். ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை என்றால் 1 லிட்டர் தண்ணீர். 10 ஹெக்டேர் ஏரியில் அதே 1 மில்லிமீட்டர் ஒரு லட்சம் லிட்டர். இதைப் பிள்ளையே கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கட்டும். வளைந்து நெளிந்த ஏரியின் பரப்பைக் கட்டத்தாளில் எண்ணட்டும். மதகு எத்தனை, கலங்கல் எங்கே, எந்த வாய்க்கால் அடைபட்டது என்று, ஏரித் தண்ணீரை வயல்களுக்குப் பங்கிட்டுவிடும் நீர்க்கட்டியிடம் கேட்டு எழுதட்டும். அது தமிழ்ப் பாடம். பராந்தகச் சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டில் வரும், ஏரியைக் கவனிக்கும் குழுவான ஏரி வாரியம் பற்றிப் பிள்ளைகள் படித்திருக்கிறார்கள். ஏரி ஆக்கிரமிப்பைக் கண்ணால் பார்த்த பிள்ளை, ஏரிக்கென்று ஒரு வாரியம் எதற்கு என்று நம்மிடம் விளக்கம் கேட்காது.

'பரீட்சை என்ன ஆகும்?' என்பீர்கள். மத்தியப் பிரதேசத்தின் ஹோசங்காபாத்தில் 1972-இல் 16 பள்ளிகளில் ஓர் அறிவியல் திட்டம் தொடங்கியது. கிராமத்துப் பிள்ளைகள் சோதனை செய்து படித்தார்கள். பரீட்சையில் புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொள்ளலாம். செய்முறைத் தேர்வும் உண்டு. மனப்பாடம் அங்கே செல்லுபடியாகவில்லை. அரசுப் பள்ளிகளில் 30 ஆண்டு நடந்த அந்தத் திட்டத்தை 2002-இல் மாநில அரசு நிறுத்தியது. எனக்கு இன்றும் ஆறாத வருத்தம் அது. ஆனால் சாதாரண அரசுப் பள்ளி ஆசிரியர்களால் இது முடியும் என்பதை அந்தத் திட்டம் காட்டிவிட்டுப் போனது.

பள்ளி மேலாண்மைக் குழுவில் இருப்பவர்கள் இங்கே இருக்கிறீர்கள். உங்களிடம் ஒரு கோரிக்கை. வடகிழக்குப் பருவமழை தொடங்கும்போது ஏழாம் வகுப்பையும் எட்டாம் வகுப்பையும் ஏரிக்கரைக்கு அனுப்புங்கள். ஆசிரியரைத் தனியே விடாதீர்கள். கூடவே இரண்டு பெரியவர்கள் போகட்டும், யாரும் தண்ணீரில் இறங்க வேண்டாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை அளக்கட்டும். ஜனவரியிலும் பிப்ரவரியிலும் நீர்மட்டம் எவ்வளவு இறங்கியது என்று குறிக்கட்டும். மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள், கிராம சபை கூடும். அங்கே அந்தக் கணக்கைப் பிள்ளைகளே எழுந்து வாசிக்கட்டும். ஊராட்சித் தலைவர் பதில் சொல்லட்டும்.