சாம்பல் யார் பங்குக்கு?



எண்ணூர் அனல்மின் நிலையத்தைப் பற்றிக் கொஞ்சம் பேசுகிறேன். 60 மெகாவாட் அலகுகள் இரண்டு, 110 மெகாவாட் அலகுகள் மூன்று. மொத்தம் 450 மெகாவாட். இன்றைய கணக்கில் சிறிய நிலையம்தான். 1970இல் ஓடத் தொடங்கி 2017இல் மூடப்பட்டது.

அனல்மின் நிலையத்தில் நிலக்கரியை மாவாக அரைத்து எரிப்பார்கள். அந்தச் சூட்டில் தண்ணீர் நீராவியாகி விசையாழியைச் சுழற்றும், மின்சாரம் வரும். ஆனால் நம் நாட்டு நிலக்கரியில் சாம்பல் அதிகம். 100 டன் எரித்தால் 30 முதல் 40 டன் வரை சாம்பல் மிஞ்சும். மின்சாரம் கம்பி வழியே ஊரெங்கும் போய்விடும். சாம்பலோ தண்ணீரில் கரைக்கப்பட்டு, குழாய் வழியே பக்கத்திலேயே கொட்டப்படும்.

எண்ணூருக்கு அருகில் இன்றும் இயங்கும் வடசென்னை அனல்மின் நிலையத்தின் சாம்பல் குழாய்கள் கசிந்து, கொசஸ்தலை ஆற்றில் சாம்பல் படிந்தது. காட்டுக்குப்பம் மீனவர்கள் பல ஆண்டுகளாக இதைச் சொல்லி வருகிறார்கள். தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை வழக்கு போனது. ஆற்றில் இறங்கி, கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்களுக்கு ஆற்றின் அடிச்சேறுதான் வயல். அந்த வயலில்தான் சாம்பல் மூடியது.

"அப்படியானால் மின்சாரம் வேண்டாமா?" என்று கேட்பார்கள். வேண்டும். சேரிக்கும் குப்பத்துக்கும் விளக்கு வேண்டும் என்று போராடியவர்கள் நாம். இந்தியாவின் மின் உற்பத்தியில் பத்தில் ஏழு பங்கு அளவுக்கு இன்னும் நிலக்கரியிலிருந்துதான் வருகிறது. ஒரே நாளில் அதை நிறுத்திவிட முடியாது. ஆனால் ஊர்க்கழிவை ஒரு சாதியின் தலையில் சுமத்திப் பழகிய சமூகம், சாம்பலை எங்கே கொட்டுவது என்று முடிவெடுக்கும்போது மட்டும் சாதியை மறந்துவிடுமா?

மூடப்பட்ட எண்ணூர் நிலைய வளாகத்திலேயே 660 மெகாவாட் விரிவாக்கத் திட்டம் இருக்கிறது. காலநிலை பேசும் இளைஞர்கள் கரியமில வாயுவின் கணக்கோடு இவற்றையும் கேட்க வேண்டும்: சாம்பல் எங்கே போகும்? அதை அள்ளும் ஒப்பந்தத் தொழிலாளியின் நுரையீரலுக்கு யார் பொறுப்பு? நிலையம் மூடப்பட்டால் அவருக்கு என்ன வேலை? சூரிய மின்சாரத்துக்கு மாறும்போது யாருடைய நிலம் எடுக்கப்படும்?

இந்தக் கேள்விகளைக் குப்பத்து மக்கள் ஏற்கனவே கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். அடுத்த கருத்துக்கேட்புக் கூட்டத்தில் அவர்களோடு போய் உட்காருங்கள்.