வெள்ளைச் சீருடைக்கு இரண்டு வழி

(தோட்ட மாதர் சங்கக் கூட்டத்தில் ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)



மூன்று வருடத்துக்கு முன் ஓர் அம்மா என்னிடம் வந்து, "டீச்சர், மகளை நர்சிங்கில் சேர்த்துட்டேன்" என்றார். தோட்டை அடகு வைத்து டவுனில் ஒரு தனியார் நிலையத்தில் காசு கட்டியிருந்தார். ஒரு வருடத்தில் சான்றிதழ் கிடைத்தது. ஆனால் அரசாங்கத் தாதியர் பயிற்சிக்கு வர்த்தமானி வந்தபோது அந்தப் பிள்ளையால் விண்ணப்பிக்க முடியவில்லை. விஞ்ஞானத்தில் கெட்டிக்காரி அவள். முன்பே விளக்கிச் சொல்லாதது எங்கள் பிழை. அதில் எனக்கும் பங்குண்டு.

ஆகவே இன்றைக்குச் சொல்கிறேன். வழி இரண்டு.

ஒன்று, தாதியர் உதவியாளர் பயிற்சி. சாதாரண தரத்தோடு சேரலாம், சீக்கிரம் முடியும், தனியார் வைத்தியசாலைகளில் வேலை தேடலாம். உடனே சம்பளம் தேவைப்படும் வீட்டுக்கு இது நல்ல வழி. இதில் கௌரவக் குறைவு எதுவும் இல்லை. ஆனால் இந்தச் சான்றிதழால் மட்டும் அரசாங்கத் தாதியாக முடியாது.

மற்றது, பதிவு பெற்ற தாதி. சுகாதார அமைச்சின் தாதியர் பயிற்சிக் கல்லூரியில் மூன்று வருடம். பயிற்சிக் காலத்திலேயே கொடுப்பனவு உண்டு. ஆனால் பொதுவாக உயர்தரத்தில் விஞ்ஞானப் பாடங்களில் சித்தி கேட்பார்கள். சாதாரண தரப் பெறுபேற்றையும் பார்ப்பார்கள். வழி பிரிகிற இடம் வர்த்தமானி வரும் நாளல்ல. பிள்ளை உயர்தரத்துக்குப் பாடம் தெரிவு செய்யும் நாள்.

கொழுந்து நிறுவையில் ஒரு கிலோ குறைந்தால் தராசடியிலேயே கேட்கிறோம். பிள்ளையின் படிப்புக்குக் காசு கட்டும்போது ஏன் கேட்பதில்லை? மூன்று கேள்வி கேளுங்கள். நிலையம் மூன்றாம் நிலைக் கல்வி, தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவானதா? அந்தப் பாடநெறிக்கு என்.வி.கியூ. சான்றிதழ் உண்டா, எத்தனையாம் மட்டம்? இதை முடித்தால் எந்த வேலைக்கு விண்ணப்பிக்கலாம்? பதிலை எழுத்தில் வாங்குங்கள். எழுதித்தர மறுத்தால் காசைக் கட்டாதீர்கள்.

சங்கத்துக்கும் ஒரு வார்த்தை. மலையகத் தமிழ்ப் பாடசாலைகளில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு உள்ளவை குறைவு. அதற்கு ஆசிரியர் கேட்பதும் சம்பளம் கேட்பதைப் போன்ற கோரிக்கைதான்.

அடுத்த வர்த்தமானி வந்ததும் தோட்டத் தலைவர் அதைப் பிரட்டுக்களத்தில் வாசிக்கட்டும். விண்ணப்பம் நிரப்ப நான் வருகிறேன்.