மெம்பரின் ஓட்டு எங்கே?

பார்லிமெண்ட் மெம்பரின் சொத்து என்ன, கடன் என்ன என்பதை வேட்புமனுவோடு தரும் பிரமாணப் பத்திரத்தில் பார்க்கலாம். 2002-இல் சுப்ரீம் கோர்ட் தந்த தீர்ப்பின் பலன் இது. ஆனால் சபையில் அவர் யாருக்காக ஓட்டளித்தார்?

2020 செப்டம்பரில் இரண்டு விவசாய மசோதாக்கள் இரு சபைகளிலும் குரல் ஓட்டில் நிறைவேறின. ராஜ்யசபையில் எதிர்க்கட்சியினர் எண்ணி ஓட்டெடுக்கக் கேட்டனர், எடுக்கவில்லை. ஆதரித்தவர் யார், எதிர்த்தவர் யார் என்ற பெயர்வாரிக் கணக்கு ஏட்டில் இல்லை! விவசாயிகள் ஓராண்டு டில்லி எல்லையில் குளிரிலும் வெயிலிலும் போராடினர். 2021 நவம்பரில்தான் சர்க்கார் பணிந்து சட்டங்களை வாபஸ் வாங்கியது.

சொத்துக் கணக்கையும் ஓட்டுக் கணக்கையும் சேர்த்து வைத்தால்தான் மெம்பர் எந்த வர்க்கத்தின் ஆள் என்பது புலப்படும். கூலியையும் நிலத்தையும் தொடும் ஒவ்வொரு மசோதாவுக்கும் பெயர்வாரி ஓட்டெடுப்பு வேண்டும்! ஓட்டுக் கேட்டு வருபவரிடம் மில் வாசலிலும் களத்துமேட்டிலும் இதையே கேட்போம்!